சொரியாசிஸும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்: என் மகளுக்குப் பரிசோதனை செய்யலாமா?

கயல்விழி எழுதியது:

வணக்கம். என் அப்பாவுக்கு சொரியாசிஸ் இருந்தது. எனக்குக் கல்லூரி நாட்களில் தலையில் தொடங்கியது. இப்போது முழங்கை, முழங்கால், முதுகு என்று பரவியிருக்கிறது. மகளுக்கு எட்டு வயது. இதுவரை அவள் தோலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவள் முழங்கை சற்று வறண்டு தெரிந்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அண்மையில் உறவினர் ஒருவர், "இது உங்கள் குடும்ப இரத்தத்தில் ஓடுகிறது, இவளுக்கும் வராமல் போகாது" என்று குழந்தையின் காதுபடவே சொல்லிவிட்டார். அன்று இரவு அவள் என்னிடம், "அம்மா, எனக்கு எப்போது வரும்?" என்று கேட்டாள்.

எச்சிலைக் குழாயில் எடுத்து அனுப்பினால் சொரியாசிஸுக்கான மரபணு இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனைகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவளுக்குச் செய்து பார்த்துவிடலாமா? இருக்கிறது என்று முடிவு வந்தால் அதற்கு என்ன பொருள்? இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? நோயெதிர்ப்பு மண்டலத்தின் மரபணுக்களுக்கும் தோலில் வரும் செதிலுக்கும் என்ன தொடர்பு என்பதும் எனக்குப் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இளம்பரிதி எழுதியது:

கயல்விழி அவர்களுக்கு வணக்கம். நான் நோயெதிர்ப்பு மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன்; மருத்துவன் அல்லன். முதலில் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு சொரியாசிஸ் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஒரு பழைய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14 சதவீதம்; வாழ்நாள் முழுவதையும் கணக்கில் கொண்ட சுவீடன் ஆய்வு ஒன்றில் 28 சதவீதம். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 100 பிள்ளைகளில் 72 பேருக்கு வராது. இதை அவளிடம் தயங்காமல் சொல்லலாம்.

இனி மரபணுவுக்கு வருவோம். சொரியாசிஸுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. இந்த நோயோடு தொடர்புடைய மரபணு இடங்கள் 2012-இல் 36 என்று இருந்தன, 2017-இல் 63 ஆயின, இப்போது நூற்றைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே பார்த்தால் மிகச் சிறிய அளவிலேயே வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. 6-ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்னும் மரபணுக் கூட்டம் இருக்கிறது. எச்.எல்.ஏ. வகைகளுக்கும் சொரியாசிஸுக்கும் தொடர்பு உண்டு என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தில் மரபணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி, சேர்ந்தே தலைமுறை தாண்டுவதால், உண்மையில் எது காரணம் என்று பிரித்தறிய வெகுகாலம் பிடித்தது. 2006-இல்தான் எச்.எல்.ஏ.-சி 06:02 என்ற வகையே முதன்மையானது என்று தெளிவானது.

அது செய்யும் வேலை இதுதான். உடலில் உட்கரு உள்ள செல்கள் எல்லாம் தம்முள் இருக்கும் புரதங்களைத் துண்டுதுண்டாக நறுக்கி, அத்துண்டுகளை எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் ரோந்து வரும் காவலரைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டே போகின்றன. வைரஸின் துண்டு தெரிந்தால் தாக்குகின்றன. நம்முடைய துண்டு என்றால் விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு எச்.எல்.ஏ. வகையும் வேறுவேறு வடிவத் துண்டுகளைப் பிடிக்கும். 06:02 பிடித்துக் காட்டும் துண்டுகளில் சில, தோலின் நிறமிச் செல்களில் உள்ள ஒரு புரதத்திலிருந்து வருபவை என்றும், சொரியாசிஸ் உள்ளவரின் டி செல் அதை எதிரி என்று எடுத்துக்கொள்கிறது என்றும் 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது.

அந்தத் துண்டுகளைச் சரியான நீளத்துக்கு நறுக்கும் நொதி ஒன்று உண்டு, ஈ.ஆர்.ஏ.பி.-1. அதன் மரபணுவிலும் சொரியாசிஸுக்குச் சாதகமான மாற்றங்கள் இருக்கின்றன. ஆனால் 2010-இல் பார்த்தபோது, 06:02 உள்ளவர்களிடம் மட்டுமே அவற்றின் விளைவு தெரிந்தது. ஆண்டுகள் பல கடந்தும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. நறுக்குகிற நொதியும் ஏந்துகிற மூலக்கூறும் சேர்ந்தால்தான் வினை. நோயின் உட்புற வேலையை மக்கள்தொகைக் கணக்கு ஒன்றே காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்போது பரிசோதனை. ஐரோப்பிய வம்சாவளி மக்களில் 1,000 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். முழு எண்களாகச் சொல்கிறேன். சொரியாசிஸ் உள்ளவர்கள் 20 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதி, அதாவது 10 பேரிடம் 06:02 இருக்கும். ஆனால் அந்த 1,000 பேரில் 06:02 உள்ளவர்கள் மொத்தம் 130 பேர். ஆகவே அந்த வகை இருந்தும் நோய் இல்லாமல் 120 பேர் வாழ்கிறார்கள். நோய் வந்தவர்களில் மறுபாதிக்கு அந்த வகையே இல்லை. இப்படிப்பட்ட ஒரு விடை உங்களை எந்தப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்காது. இன்னொன்று, பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை. அந்த எண்களை வைத்துப் போடும் நோய்வாய்ப்புக் கணக்கு மற்ற மக்களுக்கு அதே துல்லியத்தோடு பொருந்துவதில்லை.

பூங்காற்று எழுதியது:

உடலில் எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் இந்த நோய் வருகிறது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மூலிகைப் பொடி ஒன்றை என் உறவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்து நன்றாகக் கேட்டது. கயல்விழி அக்கா, பாப்பாவுக்கு இப்போதே தொடங்கிவிடுங்கள். வருமுன் காப்பது நல்லதுதானே?

மருத்துவர் நறுமுகை எழுதியது:

பூங்காற்று, அக்கறையோடுதான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் தயவுசெய்து அந்தக் குழந்தைக்கு எதையும் தொடங்கச் சொல்லாதீர்கள். தோல் மருத்துவராக நான் அன்றாடம் எதிர்கொள்ளும் தவறான கருத்து இதுதான்.

சொரியாசிஸில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அதன் ஒரு கிளை ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. டி செல்கள் இன்டர்லூக்கின்-17 என்னும் செய்திப் புரதத்தைத் தோலில் கொட்டுகின்றன. அதைப் பெற்ற தோல் செல்கள் வெறிகொண்டு பெருகுகின்றன. அடியிலிருந்து மேலே வந்து உதிர ஒரு மாதம் எடுத்துக்கொள்ள வேண்டிய செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகின்றன. முதிராமல் வந்து குவிந்ததே நீங்கள் பார்க்கும் வெள்ளைச் செதில்.

இது வெறும் கருத்தன்று. ஒரு காலத்தில் சொரியாசிஸைத் தோல் செல்களின் கோளாறு என்றே எங்கள் துறையும் நம்பியது. 1979-இல் மூட்டு நோய்க்காக சைக்ளோஸ்போரின் கொடுக்கப்பட்டவர்களுக்கு சொரியாசிஸ் படைகள் மறைந்தன. அந்த மருந்து டி செல்களை அடக்குவது. அதைவிடத் தெளிவான சான்று எலும்பு மஜ்ஜை மாற்றத்தில் கிடைத்தது. சொரியாசிஸ் இல்லாதவரின் மஜ்ஜையைப் பெற்ற நோயாளிகள் சிலருக்கு நோய் நீங்கியது. சொரியாசிஸ் உள்ளவரின் மஜ்ஜையைப் பெற்றவருக்குப் புதிதாக நோய் வந்ததும் பதிவாகியிருக்கிறது. தோல் அதே தோல், மாறியது நோயெதிர்ப்புச் செல்கள் மட்டுமே.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உட்பொருள் எழுதப்படாத எந்தப் பொடியையும் நான் அஞ்சுகிறேன், ஏனென்றால் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டு உட்கொண்டால் படை வேகமாக மறையும். திடீரென்று நிறுத்தினால் உடல் முழுதும் சீழ்க்கொப்புளமாகப் பொங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி வந்தவர்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். ஆகவே உங்கள் உறவுக்காரப் பெண்ணும் அதைத் தாமாக நிறுத்தாமல், கையில் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போகட்டும்.

பூங்காற்று எழுதியது:

இது எனக்குத் தெரியாது, அம்மா. இன்றே அவளிடம் பேசுகிறேன்.

கடலோடி எழுதியது:

இளம்பரிதி அவர்களின் விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. நாங்கள் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். எனக்கு 24 வயதில் உடல் முழுதும் சொரியாசிஸ். என் அண்ணனுக்கு இன்றுவரை ஒரு புள்ளி கிடையாது. இருவருக்கும் ஒரே மரபணு. அப்படியிருக்க இதை மரபணு நோய் என்று எப்படிச் சொல்வது? எனக்கு வந்ததற்கு நான் ஏதோ தவறாக வாழ்ந்ததே காரணம் என்று வீட்டில் பலர் நினைக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

இளம்பரிதி எழுதியது:

கடலோடி, உங்களைப் போன்ற இரட்டையர்களால்தான் இந்தக் கேள்விக்கு விடையே கிடைத்தது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு சொரியாசிஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, ஆய்வைப் பொறுத்து, 35 முதல் 72 சதவீதம் வரை. இருகரு இரட்டையரில் அது 12 முதல் 23 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மரபின் பங்கு பெரிது என்று தெரிகிறது. ஆனால் முதல் எண் 100 ஆக இல்லை. எஞ்சிய இடத்தில் மரபணுவுக்கு வெளியே இருப்பவை எல்லாம் அடங்கும்.

அந்த வெளியே இருப்பவற்றை வாழ்க்கைமுறைத் தவறு என்று யாராவது சுருக்கினால் நான் கடுமையாக மறுப்பேன். டி செல் துண்டுகளை அடையாளம் காண உதவும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அதன் மரபணுக்கள் ஒவ்வொரு செல்லிலும் தற்செயலாக வெட்டி ஒட்டப்படுகின்றன. ஒரே கரு இரட்டையரிடம்கூட டி செல் தொகுப்பு ஒன்றாக இருக்காது. நிறமிச் செல்லின் துண்டைத் தவறாகப் படிக்கும் ஒரு டி செல் உங்களிடம் உருவாகி, உங்கள் அண்ணனிடம் உருவாகாமல் போயிருக்கலாம். அல்லது உருவான செல்லைத் தட்டி எழுப்பும் தொற்று உங்களுக்கு மட்டும் வந்திருக்கலாம். யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

மருத்துவர் நறுமுகை எழுதியது:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒருமுறை எழுந்த டி செல்கள் சில, படை மறைந்த பிறகும் அதே இடத்தின் தோலில் தங்கிவிடுகின்றன. மருந்தை நிறுத்தியதும் அதே முழங்கையில், அதே எல்லைக்குள் படை திரும்புவது அதனால்தான். கடலோடி, உங்கள் வீட்டாருக்கு இதையும் சொல்லுங்கள்.

வினாக்குறி எழுதியது:

நல்ல விவாதம். ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள். இவ்வளவு துன்பம் தரும் மரபணு வகை, தலைமுறை தலைமுறையாக ஏன் மறையாமல் நிற்கிறது? அடுத்து, பரிசோதனைக்குப் பயன்படாது என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து யாருக்கு என்ன பயன்?

இளம்பரிதி எழுதியது:

முதல் கேள்விக்கு உறுதியான விடை ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல தடயம் இருக்கிறது. எச்.எல்.ஏ. வகைகள் எல்லாமே தொற்றுநோய்களோடு நடந்த நீண்ட போராட்டத்தில் செதுக்கப்பட்டவை. எச்.ஐ.வி. தொற்றியும் மருந்தில்லாமல் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மிகச் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் காணப்படும் பாதுகாப்பு வகைகள் சொரியாசிஸ் நோயாளிகளிடமும் மிகுதியாக இருப்பதை 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. 06:02 அவற்றில் ஒன்று. எச்.ஐ.வி. புதிய வைரஸ், அதற்காக இந்த வகை நிலைத்திருக்க முடியாது. ஆனால் பழைய தொற்றுகள் சிலவற்றிலிருந்தும் அது நம் முன்னோரைக் காத்திருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. கயல்விழி அவர்களே, உங்களிடம் அந்த வகை இருந்தால், அதைக் கெட்ட மரபணு என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாம் கேள்விக்கு நான் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வேன். 1990களில் சொரியாசிஸுக்கு இன்டர்லூக்கின்-12 என்னும் செய்திப் புரதம்தான் காரணம் என்று கருதினார்கள். அதைத் தடுக்க மருந்து உருவாக்கும் பணி நடந்தது. அந்தப் புரதம் இரண்டு உறுப்புகள், அதாவது இரண்டு பகுதிகள், சேர்ந்தது. 2000-இல் இன்டர்லூக்கின்-23 கண்டுபிடிக்கப்பட்டபோது, இரண்டுக்கும் ஓர் உறுப்பு பொது என்று தெரிந்தது. அதாவது அந்த மருந்து இரண்டையும் தடுத்துக்கொண்டிருந்தது. எது உண்மையான குற்றவாளி?

2007-இல் மரபணு ஆய்வு இரண்டு இடங்களைக் காட்டியது: அந்தப் பொது உறுப்பின் மரபணு, இன்டர்லூக்கின்-23-இன் செய்தியைச் செல்லில் பெற்றுக்கொள்ளும் ஏற்பியின் மரபணு. பின்னர் 23-க்கே உரிய தனி உறுப்பின் மரபணுவும் பட்டியலில் சேர்ந்தது. விரல் 23-ஐ நோக்கி நீண்டது. ஏற்பியின் 381-ஆம் அமினோ அமிலம் மாறியவர்களுக்கு சொரியாசிஸ் வரும் வாய்ப்பு குறைவு. கிரோன் என்னும் குடல் நோய்க்கும் அப்படியே. இயற்கையே அந்தப் பாதையைச் சற்றுக் குறைத்துவைத்த மனிதர்கள் நலமாக இருக்கிறார்கள் என்றால், மருந்தால் குறைப்பதும் பலன் தரக்கூடும் என்று நம்ப அது பெரிய துணை. 2009-இல் இரண்டையும் தடுக்கும் உஸ்டெகினுமாப் வந்தது. 2017 முதல் 23-ஐ மட்டும் தடுக்கும் குசெல்குமாப், டில்ட்ராகிசுமாப், ரிசான்கிசுமாப் வந்தன. தோல் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தெளிவது இப்போது பலருக்குக் கிட்டுகிறது. டி.ஒய்.கே.-2 மரபணுவின் சில மாற்றங்களும் இப்படிக் காப்பவையே. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் மாத்திரை, டியுக்ராவாசிடினிப், அமெரிக்காவில் 2022-இல் அனுமதி பெற்றது.

எல்லாமே நோயெதிர்ப்பு மரபணுக்கள் என்றும் எண்ண வேண்டாம். தோலின் வெளி அடுக்கைப் பழுதுபார்க்கும் புரதங்களின் மரபணுக்களில் இரண்டு இல்லாமல் போவதும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது என்று 2009-இல் தெரிந்தது. அந்த இல்லாமை நலமாக இருப்பவர்களிடமும் மிகச் சாதாரணம்.

மருத்துவர் நறுமுகை எழுதியது:

மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. உடல் முழுதும் சீழ்க்கொப்புளம் கிளம்பும் அரிய வகையை மேலே சொன்னேன். 2011-இல் துனிசியக் குடும்பங்களில் நடந்த ஆய்வில், அந்த வகைக்கு இன்டர்லூக்கின்-36-ஐ அடக்கும் புரதத்தின் மரபணுப் பழுது காரணமாகலாம் என்று தெரிந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால் அடக்க ஆள் இல்லை. அந்தப் பாதையின் ஏற்பியைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் 2022 முதல் கிடைக்கிறது. அதேபோல் கார்டு-14 என்ற ஒரே மரபணுவின் மாற்றம் மிகச் சில குடும்பங்களில் தலைமுறைதோறும் நோயைக் கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் மருத்துவரே பரிசோதனையைப் பரிந்துரைப்பார். கயல்விழி சொன்ன நிலை அதுவன்று. பரவலாகக் காணப்படும் படை வகை.

06:02 உள்ளவர்களுக்கு, உஸ்டெகினுமாப் போன்ற உயிரியல் மருந்துகளில் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் பலன் தருவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. மருந்தைத் தேர்ந்தெடுக்க அது ஒரு நாள் பயன்படலாம். இன்றைய வழக்கமான சிகிச்சையில் யாரும் அதைக் கேட்பதில்லை.

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 72 என்ற எண்ணை மகளிடம் சொன்னேன். பள்ளித் தேர்வில் 72 நல்ல மதிப்பெண்தான் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். பரிசோதனையை வாங்கப் போவதில்லை.

பரிசோதனை இல்லாமலே நான் கவனிக்க வேண்டியவை ஏதாவது உண்டா, மருத்துவர் அம்மா?

மருத்துவர் நறுமுகை எழுதியது:

உண்டு. குழந்தைக்குக் காய்ச்சலோடு கடுமையான தொண்டைவலி வந்தால் அலட்சியம் வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைத் தொற்றுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு, மழைத்துளி தெறித்தாற்போல் உடலெங்கும் சிறு படைகள் தோன்றும் வகை ஒன்று உண்டு. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் அதுவே அதிகம். 06:02 உள்ளவர்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல். தொற்றை மருத்துவரிடம் காட்டி முறையாகச் சிகிச்சை செய்யுங்கள். அதற்காக வருமுன்னே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவைக்கக் கூடாது.

அடுத்தது உடல் எடை. பருமன் உள்ளவர்களுக்கு சொரியாசிஸ் அதிகம் என்பது முன்பே தெரியும். நோயால் எடை கூடுகிறதா, எடையால் நோய் வருகிறதா என்பது குழப்பமாக இருந்தது. எடை கூடும் மரபு இயல்பு உள்ளவர்களிடம் சொரியாசிஸ் வாய்ப்பும் கூடுகிறது, எதிர்த்திசையில் அப்படித் தெளிவான விளைவு இல்லை என்று 2019-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. ஓடியாடி விளையாடும் குழந்தையாக அவள் வளரட்டும், அது போதும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அவள் முழங்கையை நாள்தோறும் ஆராய வேண்டாம். நீங்கள் பார்க்கும் விதத்தைக் குழந்தை கவனிக்கும்.

உங்களைப் பற்றி ஒரு கேள்வி. நகங்களில் சிறு குழிகள் இருக்கின்றனவா? காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா?

கயல்விழி எழுதியது:

நகத்தில் குழிகள் இருக்கின்றன. காலையில் விரல்களை மடக்கச் சிரமமாக இருக்கிறது. சமையல் முடியும் நேரத்தில்தான் சரியாகிறது. துணி துவைப்பதால் வருகிறது என்று நினைத்திருந்தேன். வலது காலின் ஒரு விரல் சில மாதங்களாக முழுவதும் வீங்கியிருக்கிறது.

மருத்துவர் நறுமுகை எழுதியது:

கயல்விழி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை மூட்டழற்சிக்கு உள்ளாகிறார்கள். தலையிலும் நகத்திலும் நோய் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காலை இறுக்கமும், ஒரு விரல் முழுவதும் வீங்குவதும் அதன் முக்கியமான அறிகுறிகள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மூட்டுவாத மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் கேளுங்கள். இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதக் காரணி இல்லை என்று வந்தாலும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். இந்த மூட்டழற்சியில் அது பெரும்பாலும் இருக்காது. சொரியாசிஸ் இருப்பதையும், வீங்கிய விரலையும், எத்தனை மாதங்களாக என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். தாமதித்தால் மூட்டு தேயும். தேய்ந்ததைத் திரும்பப் பெற முடியாது. இப்போதே தொடங்கினால் தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து போதுமானதாகவும் அமையலாம்.

கயல்விழி எழுதியது:

வெள்ளிக்கிழமை காலைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. போய் வந்து எழுதுகிறேன்.